அதிமானுட நாயகர்களும் வழிநூல் மரபும்

முன்னோர் படைத்த பாத்திரமொன்றைப் பின்னோர் எடுத்தாளும்போது அதை எவ்வளவு மாற்றலாம்? இவ்வினா தமிழ் அவைக்குப் புதியதன்று. வான்மீகியின் காவியத்தில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பரோ, அவள் இருந்த தவச்சாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்துச் செல்லுமாறு அமைத்தார். நிகழ்ச்சி மாறியது. சீதையின் தூய்மையும், கவர்ந்தவன் அடையும் அழிவும் மாறவில்லை. மாற்றம் மூலத்தைச் சிதைத்தது என்று எவரும் கம்பரைக் குறை கூறுவதில்லை.

இதே வினா வேறொரு நாட்டில், வேறொரு கலையில், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அமெரிக்கப் படக்கதைகளில் பிறந்த சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் ஆகிய அதிமானுட நாயகர்கள் திரைக்கு வரும் ஒவ்வொரு முறையும் பழைய வாசகர்கள், 'இவன் எங்கள் நாயகன் அல்லன்' என்கின்றனர். காலம் மாறிவிட்டது என்று இயக்குநர்கள் விடையிறுக்கின்றனர். வாசகர் கூற்று முழுமையும் ஏற்கப்படுமானால் புதுப்படைப்புக்கு இடமில்லை. இயக்குநர் கூற்று முழுமையும் ஏற்கப்படுமானால் பழைய பெயரைச் சூட்டுவதற்குக் காரணமே இல்லை.

இவ்விரு கூற்றுகளையும் சீர்தூக்க நன்னூலார் வழிநூலுக்குச் சொன்ன இலக்கணம் துணைசெய்யும். வழிநூல், முதல்நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும். பின்வந்த ஆசிரியன் வேண்டும் வேறுபாடுகளைக் கூறலாம். ஆனால் மரபு அழிதல் கூடாது. இது நூல்களுக்குச் சொன்ன விதியே ஆயினும், கதைமாந்தருக்கும் பொருந்தக்கூடிய அளவுகோல். எது முடிபு, எது வேறுபாடு என்று பிரித்தறிந்துவிட்டால் பூசலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

முதல்நூல் எது?

மூலத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்போர் முதலில் சொல்ல வேண்டியது, மூலம் எது என்பதே. அது எளிதன்று. கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷூஸ்டர் வரைய, 1938ஆம் ஆண்டு 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் தோன்றினான். அந்தச் சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரு மைலின் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவ மட்டுமே அவனால் முடியும். இன்று அனைவரும் அறிந்த பறக்கும் சூப்பர்மேனை நிலைநிறுத்தியதில் 1940ஆம் ஆண்டு தொடங்கிய வானொலி நாடகத்துக்கும், 1941ஆம் ஆண்டு தொடங்கிய பிளைஷர் நிறுவனத்தின் கேலிச்சித்திரப் படங்களுக்கும் பெரும்பங்கு உண்டு. அவனை வலுவிழக்கச் செய்யும் 'கிரிப்டோனைட்' என்னும் கல், 1943ஆம் ஆண்டு வானொலியில் தோன்றி, 1949ஆம் ஆண்டுதான் படக்கதைக்குள் நுழைந்தது. இன்னும் பின்னோக்கிச் சென்றால், இதே இருவர் 1933ஆம் ஆண்டு தாங்களே வெளியிட்ட சிற்றிதழில் 'சூப்பர்மேன்' என்று பெயரிட்டது, பிறர் மனத்தை அறியும் ஆற்றல் பெற்ற கொடியவன் ஒருவனுக்கே!

பேட்மேன் கதையும் இத்தகையதே. 1939ஆம் ஆண்டு அவன் முதலில் தோன்றிய கதையில் அவனுடைய பெற்றோர் கொலையுண்ட செய்தியே இல்லை. சில மாதங்களுக்குப் பின்னரே, சிறுவனான அவன் கண்ணெதிரே திருடன் ஒருவன் தாய் தந்தையரைச் சுட்டுக் கொன்றதும், குற்றத்தை எதிர்த்துப் போரிட அவன் சூளுரைத்ததும் சொல்லப்பட்டன. தொடக்கக் கதைகளில் அவன் கொலைக்கு அஞ்சியவனும் அல்லன். 1940ஆம் ஆண்டுக் கதையொன்றில் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறான். அதன் பின்னரே பதிப்பாசிரியர், இவன் துப்பாக்கி ஏந்துதலும் கொல்லுதலும் இனி வேண்டா என்று தடைவிதித்தார்.

அத்தடை வெளியிலிருந்து வந்தது. எனினும் நிலைத்துவிட்டது. காரணம், துப்பாக்கியால் அனாதையானவன் துப்பாக்கியைத் தொடமாட்டான் என்பது பாத்திரத்தின் வேரோடு இயல்பாகப் பொருந்தியது. முதலில் வந்தது என்பதனாலேயே ஒன்று மரபாகிவிடுவதில்லை. வேரோடு பொருந்தி நின்றதே மரபாகிறது. சூப்பர்மேனின் முதல் இதழிலேயே அவன் செய்த செயல்கள் நோக்கத்தக்கவை. குற்றமற்ற ஒரு பெண்ணை மரண தண்டனையினின்று மீட்கிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைத் தண்டிக்கிறான். பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்க ஏழைகளை வாட்டிய காலம் அது. எல்லையற்ற வலிமை, வலிமையற்றவர் பக்கம் நிற்கிறது என்பதே அவன் கதையின் முடிபு. தாவுவதும் பறப்பதும் முடிபல்ல.

வேறுபாடு எங்கே பொருந்தும்?

இவ்வாறு நோக்கினால், வாசகர் எழுப்பிய பூசல்களுள் பல புறத்தோற்றம் பற்றியவை என்பது விளங்கும். சூப்பர்மேனின் நீல உடைமேல் அணியும் சிவப்பு அரைக்காற்சட்டை 2011ஆம் ஆண்டு படக்கதைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்திலும் இல்லை. 2018ஆம் ஆண்டு படக்கதைக்குத் திரும்பியது. 2025ஆம் ஆண்டு ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில் மீண்டும் இடம்பெற்றது. நீங்கியபோது பாத்திரம் இறந்துவிடவும் இல்லை. திரும்பியதனால் மட்டும் உயிர்பெறவும் இல்லை.

டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' 1989ஆம் ஆண்டு வெளிவருமுன், நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட மைக்கேல் கீட்டன் நாயகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. படம் வந்தபின் அவரே அப்பாத்திரத்துக்கு அடையாளமாகப் போற்றப்பட்டார். 2002ஆம் ஆண்டு சாம் ரெய்மி எடுத்த 'ஸ்பைடர்மேன்' படத்தில், நாயகன் தானே செய்த கருவியிலிருந்து வரவேண்டிய சிலந்தி நூல் அவன் உடலிலிருந்தே வந்தது. இதுவும் கண்டிக்கப்பட்டது. ஆனால் 1962ஆம் ஆண்டுக் கதையின் உயிர்நிலை அப்படத்தில் சிறிதும் குன்றவில்லை. தன்னலத்தால் ஒரு திருடனைத் தடுக்காமல் விட்டுவிடுகிறான் ஓர் இளைஞன். அத்திருட்டின் தொடர்ச்சியில் அவனை வளர்த்த பெரியப்பா இறக்கிறார். அந்தக் குற்ற உணர்வே அவனை நாயகன் ஆக்குகிறது.

முதல்நூல் வழிநூலிடம் கடன்பெற்ற இடமும் உண்டு. சூப்பர்மேன் மார்பில் உள்ள 'எஸ்' என்னும் எழுத்தை அவன் பிறந்த குலத்தின் சின்னமாகக் காட்டியது 1978ஆம் ஆண்டு ரிச்சர்ட் டானர் இயக்கிய படம். பின்னர்ப் படக்கதைகளும் அவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டன. நல்ல வேறுபாடு மூலத்தையும் வளப்படுத்தும் என்பதற்கு இதுவே சான்று.

முடிபு சிதையும் இடம்

வாசகர் பெரிதும் எதிர்க்காத சில மாற்றங்களே ஆழமான தீங்கு செய்துள்ளன. கீட்டனை எதிர்த்த அதே படத்தில், பேட்மேனின் பெற்றோரைக் கொன்றவன் ஜோக்கர் என்று கதை மாற்றப்பட்டது. மூலத்தில் கொலையாளி இருட்டுச் சந்தில் வந்த ஒரு சாதாரணத் திருடன். அதனாலேயே சிறுவனின் சூளுரை ஒருவன்மேல் கொண்ட பகையாகச் சுருங்காமல், குற்றம் என்னும் பெரும் இருளை நோக்கி விரிந்தது. படத்தில் ஜோக்கர் உயரத்திலிருந்து விழுந்து மாண்டதும் பழி தீர்ந்துவிடுகிறது. பழி தீர்ந்தபின் பேட்மேன் எதற்காக? மாறாக, 2008ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் நோலன் எடுத்த 'தி டார்க் நைட்' படத்திலும் ஜோக்கர் உயரத்திலிருந்து விழுகிறான். அங்கே பேட்மேன் கயிறெறிந்து அவனைத் தாங்கிக்கொள்கிறான். தன்னைக் கொலைகாரனாக்கத் துடித்த பகைவனின் உயிரையே காப்பாற்றுவது, அவன் பூண்ட நோன்பின் வெற்றி. படக்கதையில் எழுதப்படாத காட்சியாயினும் அது மூலத்துக்கு உண்மையானது.

ஸ்பைடர்மேன் வரலாற்றிலும் இத்தகைய வீழ்ச்சி நேர்ந்தது. பெரியப்பாவைக் கொன்றவன் இளைஞன் தப்பவிட்ட திருடன் அல்லன், வேறொருவன் என்று 2007ஆம் ஆண்டு வந்த மூன்றாம் படம் மாற்றியது. முதற்படத்தை எடுத்த இயக்குநரே இதையும் எடுத்தார். சிலந்தி நூலை மாற்றியபோது கெடாத கதை, இங்கே தளர்ந்தது. நாயகனின் குற்றம் குறைந்தால் அவன் கடமையும் குறைகிறது.

சூப்பர்மேனை வளர்த்த தந்தையின் இறப்பு இன்னொரு சான்று. 1978ஆம் ஆண்டுப் படத்தில் அவர் மாரடைப்பால் இறக்கிறார். எல்லா ஆற்றலும் இருந்தும் அவரைக் காக்க இயலவில்லையே என்று மகன் கலங்குகிறான். வலிமையின் எல்லையை அவன் உணரும் இடம் அது. 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்திலோ, சூறாவளியில் சிக்கிய தந்தை, மகனின் ஆற்றல் உலகுக்குத் தெரியக்கூடாதென்று கையசைத்துத் தடுக்கிறார். மகன் காக்க வல்லவனாயிருந்தும் காவாது நிற்கிறான். இரண்டும் தந்தையின் இறப்பே. முதலாவது பணிவைக் கற்பிக்கிறது. இரண்டாவது அச்சத்தைக் கற்பிக்கிறது.

அதே படத்தின் இறுதியில் சூப்பர்மேன், சாட் என்னும் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். இதற்கு எழுந்த எதிர்ப்புக்கு, மூலத்திலேயே கொலை உண்டு என்னும் விடை கூறப்பட்டது. அது உண்மையே. 1988ஆம் ஆண்டு ஜான் பைர்ன் எழுதி வரைந்த கதையில், சாட் உள்ளிட்ட மூவருக்குச் சூப்பர்மேன் மரண தண்டனை நிறைவேற்றுகிறான். ஆனால் அக்கதை அங்கே முடியவில்லை. அச்செயலின் சுமையால் மனம் சிதைந்து, மண்ணுலகுக்குத் தன்னால் தீங்கு நேரும் என்று அஞ்சி, அவன் தன்னைத் தானே விண்வெளிக்கு நாடு கடத்திக்கொள்ளும் வரை தொடர்கதை நீண்டது. படத்தில் ஓர் அலறல் கேட்கிறது. அடுத்த காட்சியிலேயே கதை இலகுவான நடைக்குத் திரும்பிவிடுகிறது. நோன்பை மீறுவதும் கதைதான். மீறியதற்குரிய விலையைச் செலுத்தாமல் கடப்பதே குறை. மூலத்தில் உண்டா இல்லையா என்று பக்கம் புரட்டிக் காட்டுவது மட்டும் மரபு காத்தலாகாது.

துணிந்து மாற்றியும் முடிபைக் காத்ததற்கு 2025ஆம் ஆண்டுப் படம் சான்றாகும். சூப்பர்மேனை ஈன்றோர் விட்டுச் சென்ற செய்தி, மண்ணுலக மக்களை ஆளுமாறு அவனை ஏவியது என்று அதில் கதை அமைந்துள்ளது. பல்லாண்டுகளாக உயர்ந்தோராகக் காட்டப்பட்டவர்களை இப்படி மாற்றியது பலருக்கு வருத்தம் தந்தது. எனினும் பிறப்பு விதித்ததை மறுத்து, வளர்த்த உழவர் குடும்பம் கற்பித்த அன்பையே அவன் தேர்ந்துகொள்கிறான். பேருருவ விலங்கொன்று நகரைத் தாக்கும் வேளையிலும் ஓர் அணிலின் உயிரைக் காக்க விரைகிறான். வலிமை எளியவர் பக்கம் நிற்றல் என்னும் 1938ஆம் ஆண்டு முடிபு இங்கே மாறாதிருக்கிறது.

ஆக்கியோன் பெயர்

மரபுக்கு உண்மை என்னும்போது பாத்திரத்தை மட்டும் பேசிவிட்டு, படைத்தவரை மறந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. சீகலும் ஷூஸ்டரும் 1938ஆம் ஆண்டு சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றனர். பாத்திரம் உலகப் புகழ் பெற, படைத்தவர்கள் வறுமையில் வாடினர். சூப்பர்மேன் படம் உருவாகவிருந்த வேளையில் அவர்கள் நிலை செய்தித்தாள்களில் வெளிப்பட்டு, 1975ஆம் ஆண்டு இறுதியில் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்னும் பெயருரிமையும் கிடைத்தன. பேட்மேனின் தோற்றத்தையும் புரூஸ் வெயின் என்னும் இயற்பெயரையும் உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட பில் ஃபிங்கர், 1974ஆம் ஆண்டு இறக்கும் வரை படைப்பாளராக முறைப்படி அறிவிக்கப்படவில்லை. பாப் கேன் பெயர் மட்டுமே நின்றது. ஃபிங்கருக்கு அவ்வுரிமை வழங்கப்பட்டது 2015ஆம் ஆண்டு. எளியவர் பக்கம் நிற்கும் நாயகர்களின் கதையை விற்றவர்கள், அக்கதையை எழுதிய எளியவர் பக்கம் நிற்கவில்லை.

நூலின் சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டிய எட்டனுள் முதலாவதாக நன்னூல் வைப்பது ஆக்கியோன் பெயர். அடுத்து வைப்பது நூல் வந்த வழி. இவ்வவையில் அமர்ந்திருக்கும் கவிஞர்கள் இவ்வரிசையின் நியாயத்தை நன்கறிவர். தாம் எழுதிய வரியை வேறொருவர் மாற்றி எழுதுவதைக் கவிஞர் சில சமயம் பொறுத்துக்கொள்வர். அதன் பொருள் தலைகீழாவதையும், தம் பெயர் மறைவதையும் பொறுத்துக்கொள்வது அரிது.

ஆகவே, அதிமானுட நாயகர்களைத் திரைக்குக் கொணர்வோர் உடையை மாற்றலாம், கருவியை மாற்றலாம், காலத்தையும் ஊரையும் மாற்றலாம். எந்த இழப்பிலிருந்து நாயகன் பிறந்தான், எந்த நோன்பை மேற்கொண்டான் என்பதை மாற்றுமுன் இருமுறை எண்ண வேண்டும். மாற்றியே தீரவேண்டுமெனில், அதன் விலையைக் கதைக்குள்ளேயே செலுத்த வேண்டும். திரையில் நாயகன் பெயர் தோன்றுமிடத்தில் அவனைப் படைத்தவர் பெயரும் குறைவின்றித் தோன்ற வேண்டும்.