கேட்பாரின்றிப் போன கதைகள்



சங்கப் புலவர்கள் நானூற்றுக்கும் மேற்பட்டோரின் பாடல்கள் தமிழுக்குக் கிடைத்துள்ளன. அவர்களுடைய வாழ்க்கை கிடைக்கவில்லை. சிலருக்குப் பெயர்கூட எஞ்சவில்லை. பாட்டில் வந்த ஒரு தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று ஒருவரை வழங்க நேர்ந்தது. தன்னைப் பற்றித் தானே பேசுதல் அடக்கமாகாது என்ற எண்ணம் இம்மண்ணில் வேரோடியிருந்தது. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஓர் அரிய விலக்கு. அந்த நாட்குறிப்பும் 1846-இல் பிறர் கண்ணில் பட்ட பிறகே வெளியுலகுக்குத் தெரியவந்தது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940-இன் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருடைய அகவை 85-ஐ நெருங்கியிருந்தது. கிராமத்து வீதி, ஆசிரியரின் குரல், அன்று உண்ட உணவு, கையிலெடுத்த ஏட்டின் நிலை என்று யாவும் அந்த முதுமையிலும் அவர் நினைவில் இருந்தன. ஆயினும் காலம் பொறுக்கவில்லை. 1942 ஏப்ரல் 28-ஆம் நாள் அவர் மறைந்தார். சரித்திரமோ 1899-ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டது. பரிபாடலையும் பெருங்கதையையும் குறுந்தொகையையும் பதிப்பித்த பிற்கால வாழ்க்கை அவர் வாய்மொழியாக அந்நூலில் இடம்பெறவில்லை. பத்தாண்டு முன்னரே தொடங்கியிருக்கலாகாதா என்ற ஏக்கம் அந்நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவோர்க்கெல்லாம் எழும்.

எனினும் ஐயரவர்கள் நல்லூழ் உடையவர். எழுத்து அவர் கைவசம் இருந்தது. வாரந்தோறும் அச்சிட ஓர் இதழ் இருந்தது. அருகிலிருந்து உதவக் கி. வா. ஜகந்நாதன் போன்ற மாணாக்கர் இருந்தனர். இவற்றுள் ஒன்றும் இல்லாதவரின் கதை என்னாகும்?

ஐயர் மறைந்த அதே 1942-இல், பிப்ரவரித் திங்களில், சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மலாயாவில் கித்தா வாங்குவார் இன்றித் தோட்டங்கள் முடங்கின. வேலையிழந்து லயங்களில் கிடந்த தமிழ்த் தொழிலாளரைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை போட ஆள் சேர்த்தனர். சம்பளமும் அரிசியும் கிடைக்கும் என்ற ஆசைமொழி முதலில் வந்தது. பிறகு கண்ட இடத்தில் பிடித்து ஏற்றும் கொடுமை வந்தது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. அங்கே உழைத்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் மாண்டோர் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளருள் மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தமிழர். காட்டு மழையிலும் வாந்திபேதியிலும் மருத்துவரின்றி, மருந்தின்றி மடிந்தார்கள்.

கைதிகளின் கணக்கு இவ்வளவு தெளிவாகவும் தொழிலாளரின் கணக்கு மதிப்பீடாகவும் நிற்பது ஏன் என்பதை அவையினர் எண்ணிப் பார்க்க வேண்டும். கைதிகளிடையே படை அதிகாரிகளும் மருத்துவரும் இருந்தனர். தடையை மீறி அவர்கள் குறிப்பெழுதி ஒளித்து வைத்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பின் போர்க்கால நாட்குறிப்புகள் 1986-இல் நூலாயின. அவை போல் வேறு பலவும் வந்துள்ளன. காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன. பெயர் அறியப்பட்டவரின் கல்லில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தோட்டத்திலிருந்து சென்ற முனியனுக்கும் மாரிக்கும் அப்படி ஒரு கல் இல்லை. குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த ஆங்கிலத் திரைப்படத்தை உலகமே பார்த்தது. அதில் இவர்கள் கதை இல்லை.

உயிரோடு மீண்டவர் வாய் பேசாதவர் அல்லர். கள்ளுக்கடையிலும் கோயில் திண்ணையிலும் அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். தாத்தா மறுபடியும் சயாம் கதையை எடுத்துவிட்டார் என்று பேரப் பிள்ளைகள் எழுந்து போனார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணிமார் அதை எழுதத்தக்க செய்தியென்று கருதவில்லை. மலேசியத் தமிழில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்ற நாவல் பிறந்ததே பெரும்பேறு. ஆனால் நாவல் வேறு. போய்வந்தவர் தம் வாயால் தம் சொல்லில் கூறியது வேறு.

சிங்கப்பூர் அரசு 1979-இல் வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைத்து, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தைக் கண்டவர்களின் நினைவுகளை ஒலிநாடாவில் பதிவு செய்யத் தொடங்கியது. அரசுக்கு இயல்வது அரசு செய்யும். ஓர் ஊரின் இலக்கிய வட்டத்துக்கு இயல்வதும் உண்டு. அதற்கு முன், கேட்டு எழுதும் பணியில் ஒளிந்திருக்கும் இடர் ஒன்றை அறிந்துகொள்வது நன்று.

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் ஒழிந்தது. 1936 முதல் 1938 வரை, பொருளாதார மந்தத்தால் வேலையற்றிருந்த எழுத்தாளர்களுக்கு அரசு பணி கொடுத்து, அடிமைகளாக வாழ்ந்து எஞ்சியிருந்த முதியோரின் கதைகளைக் கேட்டெழுதச் செய்தது. பதினேழு மாநிலங்களில் 2,300-க்கும் மேற்பட்ட கதைகள் திரண்டன. அவற்றுள் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் கதை இருமுறை பதிவாகியிருக்கிறது. கேட்டவர் ஒரு வெள்ளைப் பெண்மணி. அவரை உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவரென மூதாட்டி எண்ணிவிட்டார். தம்மை அடிமையாக வைத்திருந்தவர் நல்லவர், எல்லோருக்கும் வேண்டியதைக் கொடுத்தார் என்று சொன்னார். பிறிதொரு நாள் கறுப்பினத்தவர் ஒருவர் போய்க் கேட்டார். அப்போது சாட்டையடியும், தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றதும் வெளிவந்தன. ஒரே வாய், ஒரே வாழ்க்கை. கேட்டவர் மாறக் கதையும் மாறிற்று. முதற்பதிவு மட்டும் எஞ்சியிருந்தால் வரலாறு எவ்வளவு பெரிய பொய்யைச் சுமந்திருக்கும்!

அந்த மூதாட்டியைக் குறை கூற இடமில்லை. உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஏழை, அதிகாரியெனத் தோன்றும் ஒருவரிடம் வேறெப்படிப் பேசுவார்? தோட்டத்து முதியவரிடம் கிராணியின் மகன் போய்க் கேட்டாலும் இதுவே நிகழும். சேரிக்குள் மேல்சாதிப் பட்டதாரி ஒலிப்பதிவுக் கருவியோடு நுழைந்தாலும் இதுவே நிகழும்.

அந்த இடைவெளியைக் கடக்கக் காலம் தேவை. புதுச்சேரிக்கு அருகில் ஒரு சிற்றூரில் கூலிவேலை செய்த வீரம்மாள் என்ற தலித் பெண்ணிடம் பாட்டுக் கேட்கச் சென்ற ஜோசியான் ரசீன், பத்தாண்டுக் காலம் போய்வந்து அவர் வாழ்க்கையையே கேட்டுப் பதிவு செய்தார். இவ்வட்டத்தின் வயது முழுவதும் ஒருவர் மற்றொருவருக்குச் செவி கொடுத்திருக்கிறார்! அந்நூல் 1995-இல் பிரெஞ்சு மொழியிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தமிழில் சொல்லப்பட்ட வாழ்க்கை முதலில் பாரிசில் அச்சேறியது தமிழர்க்குப் பெருமையா என்பது வேறு வினா.

சயாம் பாதைக்கு 1943-இல் இருபது வயதில் போனவர் இருந்தால் நூறு கடந்திருப்பார். அவர்களுள் ஏறத்தாழ எல்லோரும் மறைந்துவிட்டனர். ஆனால் அன்று ஏழெட்டு வயதில் லயத்து வாசலில் நின்று தந்தை லாரி ஏறியதைப் பார்த்தவர்களுள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் முதற்கேள்வியே மரண ரயிலைப் பற்றியதாக இருத்தல் ஆகாது. அப்படிக் கேட்டால் செய்தித்தாளில் வந்ததையும் பிறர் சொன்னதையும் திருப்பிச் சொல்வார்கள். அன்று வீட்டில் என்ன சமைத்தார்கள், மரவள்ளிக் கிழங்கை யார் பிடுங்கி வந்தார்கள், தந்தை போனபின் அம்மா எந்த வேலைக்குப் போனார், பக்கத்து லயத்தில் யார் வீடு பூட்டிக் கிடந்தது என்று கேட்டால் கதை தானே வழி கண்டுகொள்ளும். இடையில் பேச்சு நின்றால் கேட்பவர் பொறுத்திருக்க வேண்டும்.

எழுத்தில் வடிக்கையில் தமிழ்ப் புலமை இடையூறாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கித்தாவை இரப்பராக்கி, பெரட்டுக் களத்தை வருகைப் பதிவிடமாக்கித் திருத்துவோர் நல்லெண்ணத்தோடுதான் திருத்துகிறார்கள். ஆனால் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் தோட்டத்தில் உருண்டு தமிழான வரலாறு அத்திருத்தத்தில் அழிந்துபோகிறது. தூய தமிழுக்கு வேறு இடங்கள் உண்டு.

சொல்பவரின் இசைவு முதலிலேயே பெறப்படுதல் வேண்டும். பதிவு எங்கே இருக்கும், யார் கேட்பார்கள் என்று அவருக்கு விளங்கச் சொல்ல வேண்டும். குடும்பத்தார் மனம் புண்படும் பகுதியை இத்தனை ஆண்டுக்குத் திறக்க வேண்டாம் என்று அவர் கூறினால், அவ்வாறே பூட்டி வைக்க வேண்டும்.

இன்னொன்று அவசரமானது. சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆர்வலர் சிலர் கேசட்டில் பதிந்து வைத்த முதியோர் குரல்கள் வீட்டு அலமாரிகளில் உறங்குகின்றன. ஈரக் காற்றில் நாடாவில் பூஞ்சை படர்கிறது. ஒலியைத் தாங்கும் பூச்சு உதிர்கிறது. ஓட்டிக் கேட்கும் கருவிகளும் அருகிவருகின்றன. பூஞ்சை பிடித்த நாடாவைத் தாமே ஓட்டிப் பார்க்காமல், தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினிக்கு மாற்ற வேண்டும். பேசியவர் யார், எந்தத் தோட்டம், எந்த நாள், கேட்டவர் யார் என்பதை நினைவுள்ளவர் இருக்கும்போதே உறைமீது எழுதி, படியொன்றை வீட்டிலும் மற்றொன்றை ஒரு நூலகத்திலுமாக இரண்டு இடங்களில் வைக்க வேண்டும்.