தகரம் விழுந்த சத்தம்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவம் சார்ந்து ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தினர் கேட்டார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைக் கிளினிக்கில் நாங்கள் தினமும் சொல்லுகிறோம், நீங்களும் தினமும் கேட்காமல் போகிறீர்கள். ஆகவே இன்று ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தோம். அதற்கு எங்கள் வகுப்புக்கு மட்டுமே உரிய ஒரு காரணமும் உண்டு.

எங்கள் காலத்து இல்ல மெய்வல்லுநர் போட்டி பலருக்கும் நினைவிருக்கும். பொங்கல் முடிந்த கையோடு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். இல்லம் சோடிப்பதற்கு ஓலை, சேலை, மூங்கில், தகரம் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிவோம். அந்த வருடம் எங்கள் இல்லத்துக்குத் தகரத்திலே கோபுர முகப்பு வெட்டி, வர்ணம் பூசி, இரண்டு தடிகளில் கட்டி நிமிர்த்தியிருந்தோம்.

கடைசிப் போட்டி 4 x 100 மீற்றர் அஞ்சலோட்டம். கிண்ணம் எங்களுக்கா மற்ற இல்லத்துக்கா என்பது அந்த ஓட்டத்தில்தான் இருந்தது. முதல் ஓட்டக்காரி எங்கள் வகுப்புத் தோழி. பெயர் சொல்லவில்லை. எங்கள் வகுப்பினர் எல்லோருக்கும் தெரியும். முதல் தடவை அவள் முந்திப் புறப்பட்டு எச்சரிக்கப்பட்டாள். அந்த நாளைய விதிப்படி ஒரு தடவைக்கு மன்னிப்பு உண்டு. மறுபடியும் எல்லோரும் குனிந்தார்கள். 'செற்' என்றார்கள். தொடக்கத் துப்பாக்கி எங்களிடம் இல்லை, வெடிச் சத்தத்துக்கு வேறு அர்த்தம் இருந்த காலம் அது. இரண்டு பலகைகளைச் சேர்த்து அடிப்பதுதான் வழக்கம். பலகை அடிபட முன்னர், எங்கள் முகப்புத் தகரம் படாரென்று சரிந்தது. எங்கள் கூடாரத்துக்கு ஆகக் கிட்டிய ஓடுபாதையில் நின்றவள் அவள். பாய்ந்துவிட்டாள். மற்றவர்கள் திடுக்கிட்டார்கள், ஓடவில்லை. அணி நீக்கப்பட்டது. கிண்ணமும் போனது.

மூன்று கிழமை நாங்கள் அவளோடு சரியாகக் கதைக்கவில்லை. 'அவசரக்குடுக்கை' என்று பெயர் வைத்தோம். அவள் அதன் பிறகு ஓடவேயில்லை. சாதாரண தரம், உயர்தரம், இடப்பெயர்வு, கடல் கடந்த வாழ்க்கை என்று எல்லாம் ஆன பிறகும் அந்தப் பெயர் மட்டும் எங்களோடு வந்தது. சில வருடங்களுக்கு முன் வகுப்பு வட்சப் குழுவிலும் யாரோ அதை எழுதினோம், எல்லோரும் சிரித்தோம். அன்றிரவு அவள் குழுவிலிருந்து விலகினாள்.

இனி வாட்டுக்கு வருவோம். சென்ற வருடம் ஒரு நோயாளியைக் கட்டில் மாற்றுவதற்காக நாங்கள் நாலு பேர் குனிந்து நின்றோம். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணியாயிற்று. 'மூன்று' சொல்ல முன் பின்னால் மருந்துத் தட்டு ஒன்று சீமெந்து நிலத்தில் விழுந்தது. நாலு பேரில் இரண்டு பேர் தூக்கிவிட்டோம். ஐயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்தான் முதலில் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக மறந்திருந்த தகரச் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது. இத்தனைக்கும் இதன் உடற்றொழிலியலை நாங்கள் படித்துப் பரீட்சையும் எழுதியவர்கள்.

ஒரு சத்தம் கேட்டதும் கை அல்லது கால் அசைய, நல்ல சுகதேகிக்கு ஏறக்குறைய 0.15 செக்கன் தேவை. காதிலிருந்து மூளைக்கும், மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியாகத் தசைக்கும் செய்தி போயாக வேண்டும். நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1850 அளவில் ஜேர்மனியில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து காட்டினார். செக்கனுக்குச் சில பத்து மீற்றர்கள்தான். இந்தத் தாமதத்தை வைத்தே சர்வதேச மெய்வல்லுநர் விதியும், சத்தம் கேட்டு 0.1 செக்கனுக்குள் அசைந்தவர் கேட்டு ஓடவில்லை, ஊகித்து ஓடினார் என்று கொள்கிறது.

ஆனால் அந்த 0.15 செக்கனுக்குள்ளும் மூளை எல்லாவற்றையும் யோசித்து முடிப்பதில்லை. யோசனை முன்பே முடிந்துவிடுகிறது. 1964இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் கிரே வோல்ரர் குழுவினர் தலையில் மின்வாய்களைப் பொருத்திப் பார்த்தார்கள். முதலில் ஓர் எச்சரிக்கை ஒலி, சற்றுப் பொறுத்து, பொத்தானை அழுத்து என்ற சைகை. இரண்டுக்கும் இடையில், ஒன்றும் நடக்காத அந்த நேரத்தில், மூளையின் மின்னழுத்தம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு போனது. 'செற்' என்ற சொல்லுக்கும் பலகைச் சத்தத்துக்கும் நடுவில் நடப்பது அதுதான். எண்ணெய் காய்ந்தாயிற்று, வெங்காயம் அரிந்தாயிற்று, கடுகு கைக்குள் இருக்கிறது. போடுவது மட்டும் பாக்கி.

அந்த வேளையில் எதிர்பாராத பெருஞ்சத்தம் கேட்டால் என்ன ஆகும்? 1999இல் பார்சிலோனாவில் வல்ஸ்-சோலே குழுவினர் இதைச் சோதித்தார்கள். அசைவுக்கு ஆயத்தமாக இருந்தவர்களைத் திடுக்கிட வைத்தபோது, அவர்கள் ஆயத்தப்படுத்தியிருந்த அதே அசைவு, ஒழுங்கு குலையாமல், வழமையான நேரத்தில் ஏறக்குறைய பாதியில் வெளிவந்தது. அது வெறும் திடுக்கிடல் அல்ல, செய்ய இருந்த காரியமேதான். இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம், சத்தம் மூளைத்தண்டின் வழியாக நேரே அந்த ஆயத்தத்தைத் தட்டிவிடுகிறது என்பது. இது பலகையா, தகரமா என்று பிரித்தறிவதற்குப் பெருமூளைக்கு நேரம் வேண்டும். கால் அதற்காகக் காத்து நிற்பதில்லை.

'நின்றிருக்கலாமே' என்று அன்று அவளிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்டோம். நிற்பது சும்மா இருப்பது அல்ல, மூளைக்கு அது தனி வேலை. லோகன், கோவன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் அதை ஓட்டப் போட்டி என்றே விளக்கினார்கள். 'செய்' என்ற கட்டளையும் 'நிறுத்து' என்ற கட்டளையும் தனித்தனியாக ஓடுகின்றன, முந்தியது வெல்கிறது. நிறுத்தும் கட்டளை பலன் தர ஏறக்குறைய 0.2 செக்கன் வேண்டும். பாதியில் புறப்பட்ட சொல்லை, அம்மா வருவதைக் கண்டு விழுங்கியிருக்கிறோம். சில நாட்களில் விழுங்க முடியாமலும் போயிருக்கிறது. வாய் அதேதான், போட்டியில் வென்றது வேறு.

அந்த நிறுத்தத்தில் வலது முன்மூளையின் ஒரு பகுதிக்கும், நடுவில் ஆழத்தில் கடலையளவே உள்ள ஒரு நரம்புத் திரளுக்கும் பெரிய பங்கு உண்டு. பக்கவாதத்தில் அந்தக் கடலையளவு இடம் மட்டும் பாதிக்கப்பட்டால், மறுபக்கக் கை, எறிவதுபோலத் தானாக வீசத் தொடங்கும். அந்தக் கையை ஒருமுறை பார்த்தவர்கள், அசையாமல் இருக்கும் கையை மூளை எவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிறது என்பதை மறக்கமாட்டார்கள்.

ஆயத்தம் அதிகமானால் தகரமும் தேவையில்லை. 2011இல் தென்கொரியாவின் டேகு நகரில், உலகச் சம்பியன் போட்டியின் 100 மீற்றர் இறுதியில் உசைன் போல்ற் முந்திப் பாய்ந்து நீக்கப்பட்டார். அவரை யாரும் அவசரக்குடுக்கை என்று அழைத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று அவள் இரண்டாவது அடியிலேயே நின்றாள். விசில் ஊத முன்னர். நின்று, திரும்பி எங்களைப் பார்த்தாள். அந்த முகம் எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பற்றிக் றாபிற் என்ற ஆங்கில உளவியலாளர் 1960களிலேயே கண்டது இது: வேகமான வேலையில் பிழை விட்டவர்கள் தங்கள் பிழையைத் தாங்களே திருத்துவது, சாதாரணமாக ஒரு சைகைக்கு விடை தருவதிலும் விரைவாக நடக்கிறது. யாரும் சொல்லத் தேவையில்லை. பிழையான பொத்தானை அழுத்தி 0.1 செக்கன் ஆகுமுன்பே மூளையில் அதற்கென ஒரு மின்குறி தோன்றுவதையும் பின்னர், 1990களை ஒட்டி, கண்டார்கள். கவனமில்லாத பிள்ளை என்று நாங்கள் சொன்னவளுக்கு, நடுவருக்கு முன், எங்களுக்கு முன், தன் பிழை தெரிந்திருந்தது.

பிழைக்குப் பிறகு வரும் அடுத்த முயற்சியில் மனிதர் சற்று மெதுவாவதும் றாபிற் கண்டதுதான். ஆய்வுகூடத்தில் அந்த மந்தம் ஓரிரு முயற்சிகளோடு போய்விடும். பதினாறு வயதுப் பிள்ளையிடமிருந்து அதை நாங்கள் போக விடவில்லை.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். வெளியிலிருந்து வந்த இடையூறால் தொடக்கம் குழம்பினால், யாரையும் எச்சரிக்காமல் பச்சை அட்டை காட்டி மறுபடி தொடங்க இன்றைய சர்வதேச விதி இடம் தருகிறது. இல்லப் போட்டிகளிலும் அதைக் கைக்கொள்ளுங்கள். கூடாரங்களைத் தொடக்கக் கோட்டிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

இந்த உரை நூற்றாண்டு மலரில் வரும் என்றும், மலர் வெளிநாட்டுக் கிளைகளுக்கும் போகும் என்றும் செயலாளர் சொன்னார். அவள் இருக்கும் நகரத்திலும் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. ஆகவே இதை அவளுக்காக எழுத்தில் வைக்கிறோம். போட்டிக்கு முதல் நாள் பின்னேரம் அந்தத் தகரத்தைத் தடியில் கட்டியவர்கள் நாங்கள் ஐந்து பேர். மூன்று பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறோம். கயிறு காணாமல் போய், கடைசிக் கட்டைப் பழைய றிபனால் கட்டினோம். போட்டி முடிந்து சோடனையைக் கழற்றும்போது அந்த றிபன் அறுந்து கிடந்ததைக் கண்டோம். கண்டும் அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.