பழைய வண்டிக்குப் பாகம் தேடல்



திருவனந்தபுரத்து ஆரியசாலை, திவான் ராஜா கேசவதாசர் நிறுவிய சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இவ்விடத்தில் வீட்டுக்கு வேண்டிய பொருள் எதுவும் கூப்பிடு தூரத்தில் கிடைத்துவிடும். ஆயினும், தந்தையார் ஓட்டிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை, ஆலையை விட்டு வந்த நாளில் இருந்தவாறே மீட்க விரும்புவோர்க்கு இவ்வசதி போதாது. அவர்கள் பாகம் தேடும் முறை பற்றிச் சிறிது பேச விழைகிறோம்.

முதற்கண் வண்டி பிறந்த ஆண்டை அறிதல் வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களையே பொருத்தினர். பின்னர் படிப்படியாக அவை இங்கேயே செய்யப்பட்டன. இங்கிலாந்து நிறுவனம் மறைந்தபின்னும் சென்னையில் புல்லட் உருவாகிவந்தது. பழைய புல்லட்டுக்கு இன்றும் பாகம் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. இடர்ப்பாட்டுக்கும் காரணம் இதுவே; பெயர் ஒன்றாக இருக்க, பாகங்கள் காலந்தோறும் மாறின. அமால் கார்ப்பரேட்டர் இருந்த இடத்துக்கு மிக்குனி அமைப்பு வந்தது. 2008 முதல் வந்த எஞ்சினில் கியர்ப் பெட்டியும் ஒரே கூட்டில் அடங்கியது. ஆகவே 'புல்லட் பாகம்' என்று மட்டும் கேட்டு வாங்கலாகாது. ஆண்டையும் சொல்லிப் பழைய பாகத்தையும் காட்டி வாங்குதல் வேண்டும்.

இரண்டாவது, மரை. பழைய வண்டியின் மரைகள் பல ஆங்கில அளவின. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. ஏறக்குறையப் பொருந்துகிறதே என்று மெட்ரிக் போல்ட்டை முறுக்கினால், அலுமினியக் கூட்டின் மரை அழிந்துவிடும். ஒரு சிறு போல்ட்டை மிச்சம் பிடிக்கப் போய், கிடைத்தற்கரிய கூட்டை இழப்போம். பால் பேரிங்குக்கு இத்தொல்லை இல்லை. அதன்மேல் பொறித்த எண்ணைக் காட்டினால் எவ்வூரிலும் வாங்கலாம்.

மூன்றாவது, தேடும் இடம். உள்ளூர்க் கடைகளிலும் பழைய மெக்கானிக்குகளிடமும் முதலில் விசாரிப்போம். கிடைக்காதவற்றுக்குச் சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே பிரித்த வண்டிகளின் பாகங்கள் கிடைக்கும். பழைய வண்டியினின்று கழற்றிய பாகம் தேய்ந்திருப்பினும், அச்சில் வார்த்த புதுப் போலியைவிட அளவில் சரியாக இருப்பதுண்டு. புஷ் போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். ஆனால் எண் பொறித்த எஞ்சின் கூட்டை வாங்குமுன் பதிவுச் சான்றிதழை நினைவிற் கொள்க. எண் மாறினால் உரிமைச் சிக்கல் எழும்.

2021இல் மத்திய அரசு, 50 ஆண்டு கடந்து மூல வடிவில் பேணப்படும் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்ய விதி வகுத்தது. எஞ்சினையோ சட்டத்தையோ பெரிதும் மாற்றிய வண்டிக்கு அத்தகுதி இல்லை. பளபளப்புக்காகக் கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாட்டுவோர் இதனைக் கருதுதல் நன்று.

எனவே, கழற்றிய பாகம் எதையும், மாற்றுப் பாகம் பொருத்தி வண்டி ஓடும்வரை பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டா. தேய்ந்த பாகமே அடுத்ததற்கு அளவுகோல்; அதனை எறிந்தபின் எதைக் காட்டிக் கேட்போம்?