இறைபணியும் நம் மனப்பாங்கும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரையை எங்கள் வகுப்பைச் சேர்ந்த மூவர் சேர்ந்து எழுதினோம். வாசிப்பவர் ஒருவர்தான். மற்ற இருவரும் முன்வரிசையில் இருக்கிறார்கள். பிழை இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம்.

"கிறிஸ்தவர் ஒருவர் இறைவனுக்குப் பணி செய்யும்போது எப்படிப்பட்ட மனப்பாங்கோடு செய்ய வேண்டும்" என்று பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, மற்றவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். எழுத உட்கார்ந்தபோதுதான் சொல்ல வேண்டியது முதலில் எங்களைப் பற்றியே என்று தெரிந்தது. ஆகவே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லித் தொடங்குகிறோம்.

நூற்றாண்டு நினைவாகப் பிள்ளைகளுக்கு ஒரு குடிநீர்த் தொட்டி கட்டிக் கொடுப்பது என்று முடிவெடுத்தோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் காசு வந்தது. இங்கே மீன் கருவாடு விற்றுச் சேர்த்த காசும் வந்தது. வேலை தொடங்கவில்லை. ஏன்? கல்வெட்டில் யாருடைய பெயர் மேலே, யாருடைய பெயர் கீழே என்று வட்ஸ்அப் குழுவில் இரண்டு மாதம் பேசிக்கொண்டிருந்தோம். தொகைப்படி போடுவதா, வகுப்பு ஆண்டுப்படி போடுவதா, அகரவரிசையா? ஒருவர் குழுவை விட்டே போய்விட்டார். அந்த இரண்டு மாதமும் பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

இத்தனைக்கும் நாம் எந்த மண்ணில் இருந்து இப்படிச் சண்டை பிடித்தோம் என்று பாருங்கள். 1544ஆம் ஆண்டில் இந்த மன்னார்த் தீவில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்கள் கொன்ற வேதசாட்சிகள் அறுநூறு பேர் வரை என்பார்கள். புனித பிரான்சிஸ் சவேரியார் தாம் வர முடியாமல் அனுப்பிய குருவானவரின் கையால் அப்போதுதான் திருமுழுக்குப் பெற்றவர்கள். தோட்டவெளிக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தாத மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் இருக்காது. ஆனால் அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக இறந்தவர்களுக்குக் கல்வெட்டில் முதலிடம் பற்றிய கவலை இருந்திருக்காது.

அடுத்து புனித யோசேவ் வாஸ் அடிகளார். சிறு வயதிலிருந்தே அவர் கதையைக் கேட்டு வளர்ந்தோம். கேட்டுக் கேட்டே பழகிவிட்டதால், அதில் உள்ளதைக் கவனிக்கத் தவறினோமோ என்று இப்போது தோன்றுகிறது.

1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடமில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மக்கள் குரு இல்லாமலே இருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டுத்தான் கோவாவிலிருந்து அவர் புறப்பட்டார். உயர்குலத்தில் பிறந்தவர், படித்தவர். 1687இல் கூலியாளின் உடையில், வெறுங்காலோடு வந்து இறங்கினார். வந்ததும் பிரசங்கம் வைக்கவில்லை. கடும் வயிற்றோட்டத்தில் விழுந்து கிடந்தார். அந்த நேரத்தில் அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியது ஒரு பெண் என்று சொல்வார்கள். பெண்கள் பாடசாலை ஒன்றின் சங்கத்தில் பேசுகிறோம் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இலங்கைத் திருச்சபையை மீண்டும் எழுப்பியவர் முதலில் செய்தது, இன்னொருவர் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தது. கொடுக்கத்தான் வந்தார். முதலில் வாங்க வேண்டியிருந்தது. நமக்குக் கொடுப்பது சுலபம். கொடுக்கும்போது நாம் மேலே நிற்கிறோம். ஏழை வீட்டில் ஒரு தேநீர் வாங்கிக் குடிக்கச் சொன்னால்தான், நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறோம்.

அவர் தமிழும் படித்தார், சிங்களமும் படித்தார். கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சிறையில் வைத்தார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவியது. சொந்த வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடிய நேரம். அடிகளாரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் நோயாளிகளைத் தேடிப் போய்க் கழுவித் துடைத்து உணவு கொடுத்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. பிற்பாடு அவரை ஆயராக்க எண்ணம் எழுந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு, 1711 சனவரி 16இல் கண்டியில் சாதாரண குருவாகவே இறந்தார். 2015 சனவரி 14இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதர் என அறிவித்துவிட்டு, அன்று மாலையே மடுவுக்கு வந்தார். அந்தக் கூட்டத்தில் நாங்களும் நின்றோம். எங்களில் ஒருவர் திருத்தந்தையைப் பார்த்தார். மற்ற இருவரும் முன்னால் நின்றவர்களின் குடையைத்தான் பார்த்தோம்.

இனிச் சொல்வதுதான் எங்களுக்குக் கடினமானது.

1990இல் நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் உப்புக்குளத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். நோன்புக் கஞ்சியை எங்களுக்கும் கொண்டு வருவார்கள். நத்தார்ப் பலகாரத்தில் பாதியை அவர்கள்தான் தின்றார்கள். அந்த ஆண்டு நடுவில் யுத்தம் மீண்டும் மூண்டபோது எங்களில் பலர் மடுவுக்குப் போனோம், சிலர் தலைமன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனார்கள். ஒக்டோபர் கடைசியில், மன்னார்த் தீவில் மட்டுமல்ல, வடமாகாணம் முழுவதிலும் இருந்த முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நம் அயலவர் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் காத்திருந்து, வள்ளங்களில் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போனார்கள்.

பின்னர் நாங்கள் நிறையப் பணி செய்தோம். அகதிகளுக்குச் சமைத்தோம், உடுப்புச் சேர்த்தோம், முகாமில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம், செபமாலை சொன்னோம். அதெல்லாம் பொய்யல்ல. ஆனால் பல ஆண்டுகள் கழித்து உப்புக்குளத்துக்குத் திரும்பி வந்த எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, சந்தையில் எங்களைக் கண்டு கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன்டி, ஒரு கடிதம் போட்டிருக்கலாமே?"

புத்தளத்தில் எந்த முகாம் என்று தெரியாது என்றோம். பயம் என்றோம். தபால் ஓடவில்லை என்றோம். மூன்றும் உண்மைதான். ஆனால் நாங்கள் விசாரிக்கவே இல்லை என்பதும் உண்மை. எங்கள் கோயில், எங்கள் பங்கு, எங்கள் சனம் என்று கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் ஓடி ஓடி உழைத்தோம். அடிபட்டு வழியில் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் உவமையை அத்தனை முறை கேட்டும், கேட்டவர்களாக நாங்கள் நடக்கவில்லை. அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும். அவள் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய் வட்டிலப்பம் தந்தாள். அன்று யோசேவ் வாஸ் அடிகளார் வாங்கிக் குடித்த கஞ்சி எங்கள் நினைவுக்கு வந்தது.

உப்புக்குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போனால் குறை. நற்செய்தியில் ஆண்டவர் நம்மை உப்பு என்றார். கறியில் உப்பு இருந்தால் ஒருவரும் பேசமாட்டார்கள். இல்லாவிட்டால்தான் கேட்பார்கள், "உப்புப் போடவில்லையா?" என்று. தோழியின் கேள்வியும் ஏறக்குறைய அப்படித்தான்.

நம் பாடசாலையில் விடியப்புறமே வந்து கூட்டி, கதிரைகளை அடுக்கி, மணி அடித்துவிட்டுப் போன அம்மாவை நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். முதலாம் தவணையிலிருந்து மூன்றாம் தவணை வரை ஒரு நாள்கூட நாம் தூசியான வாங்கில் உட்காரவில்லை. மலர் வேலைக்காகப் பழைய படங்களைத் தேடியபோது அதிபர், ஆசிரியர், மாணவத் தலைவிகள் எல்லோரும் கிடைத்தார்கள். அவருடைய படம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு குழுப்படத்தின் ஓரத்தில், கதவுக்குப் பின்னால், சேலைத் தலைப்பு மட்டும் தெரிகிறது. அது அவருடையதாக இருக்கலாம். அந்தப் படத்தை ஓரத்தை வெட்டாமல் இந்த மலரில் போடும்படி மலர்க் குழுவிடம் கேட்டிருக்கிறோம்.

கல்வெட்டு விடயம் முடிந்துவிட்டது என்பதையும் அறிவிக்க வேண்டும். நேற்றிரவு கூடிப் பேசினோம். தொட்டியில் பாடசாலையின் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கும். இதில் வருத்தமுள்ளவர்கள் எங்கள் மூவரையும் ஏசலாம், பொருளாளரை ஏச வேண்டாம். குழுவை விட்டுப் போனவரின் வீட்டுக்கு இன்று பின்னேரம் நாங்கள் போகிறோம்.

தொட்டி வேலைக்குச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிரமதானம். உப்புக்குளத்துத் தோழிகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டியும், மற்றவர்கள் தும்புத்தடியும் வாளியும் கொண்டு வரவும். காலைச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு, தேநீர் எங்கள் பொறுப்பு.