பழைய தரையும் பேரனின் அப்தபூர்த்தியும்

(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் நம் செயலாளர், "ரிடையர் ஆன இன்ஜினியர்கள் யாராவது வீட்டுப் பராமரிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்களேன்" என்றார். கை தூக்கியவன் நான். ஆனால் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல வரவில்லை. 32 வருஷம் அனல் மின்நிலையங்களில் உத்தியோகம் பார்த்தவன், காலடியில் இருந்த ஆஸ்பெஸ்டாஸை அடையாளம் தெரியாமல் தன் கையாலேயே சுரண்டிய கதை இது. இங்கே பாதிப்பேர் வருஷத்தில் ஆறு மாதம் பிள்ளையாத்திலோ பெண்ணாத்திலோ அமெரிக்காவில் இருக்கிறீர்கள். மீதிப்பேர் மொட்டைமாடியில் ஷீட் போட்டிருக்கிறீர்கள். அதனால் இரண்டு தரப்பும் கேட்கலாம்.

2018 அக்டோபரில் நானும் என் ஆத்துக்காரியும் பெண்ணாத்துக்குப் போயிருந்தோம். நியூ ஜெர்ஸியில், எடிசன் பக்கம். 1956-ல் கட்டிய வீடு. பேரனுக்கு அப்தபூர்த்தி வந்துகொண்டிருந்தது. ஐம்பது பேர் தரையில் உட்கார வேண்டுமானால் பேஸ்மென்ட்தான் சௌகரியம். அங்கே சாக்லேட் கலரில், 9 அங்குலச் சதுர டைல்கள். நாலைந்து பெயர்ந்திருந்தன. மாப்பிள்ளை, "மாமா, கான்ட்ராக்டர் கேக்கற காசுக்கு நாமளே எடுத்துடலாம், ரெண்டு நாள் வேலை" என்றார். எனக்கும் கை சும்மா இருக்க முடியாத வியாதி உண்டு. இரண்டு சாயங்காலம் கரண்டி மாதிரி ஒரு தகட்டை வைத்து நெம்பினோம். பல டைல்கள் பொடிப்பொடியாக உடைந்தன. அடியில் தார் மாதிரி கறுப்புப் பசை. அதைத் தேய்த்து எடுக்க மறுநாள் கிரைண்டர் மெஷின் வாடகைக்கு எடுப்பதாக ஏற்பாடு. தூசியை வாக்குவம் க்ளீனரால் இழுத்துவிட்டு மாடிக்கு வந்து காபி சாப்பிட்டோம்.

காப்பாற்றியவர் பக்கத்து வீட்டுக்காரர். வயதான அமெரிக்கர், ப்ளம்பராக இருந்து ஓய்வு பெற்றவர். குப்பைத்தொட்டியில் கிடந்த டைலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது ஒன்பது அங்குலமா?" அந்த அளவிலும் அந்தக் காலத்திலும் போட்ட டைல் என்றால், சோதித்துப் பார்க்கிற வரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டுமாம். கறுப்புப் பசையையும் அப்படித்தான்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் எனக்குத் தெரிந்தது நீராவிக் குழாயைச் சுற்றும் வெள்ளைக் கயிறும் பாய்லர் மேல் பூசும் பூச்சும்தான். 1970-களில் அதை முகமூடி இல்லாமல் கையாண்டோம். மிஞ்சிய கயிற்றைப் பந்தாக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகூட விளையாடியிருக்கிறோம். வழவழவென்று இருக்கும் பிளாஸ்டிக் டைலுக்குள் அது இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இதன் விஷயம் இதுதான். ஆஸ்பெஸ்டாஸ் என்பது நாராகப் பிரியும் கல். உடைத்தால் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும், தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். நுரையீரலுக்குள் போனால் கரையாது. வியாதி வருவதற்கு 20 வருஷமும் ஆகலாம், 50 வருஷமும் ஆகலாம். அன்றிரவு நான் போட்ட கணக்கு அதுதான். எனக்கு வயது 71. எனக்கு என்ன ஆகிவிடப்போகிறது? பதினோரு மாதக் குழந்தைக்கு 50 வருஷம் கழித்து வயது 51.

டைல் முழுசாக, அசையாமல் இருந்த வரையில் அந்த வீட்டில் அறுபது வருஷமாக யாருக்கும் அதனால் பயமில்லை. நார் வினைலுக்குள் இறுகிக் கிடக்கிறது. அதன் மேலேயே புதுத் தரை போட்டு மூடியிருந்தால் ஒரு நார்கூட வெளியே வந்திருக்காது. உடைத்ததுதான் தப்பு. தேய்த்திருந்தால் அதைவிடப் பெரிய தப்பு. சாதாரண வாக்குவம் க்ளீனர் பெருந்தூசியைப் பிடித்துவிட்டு, மெல்லிய நாரைப் பின்பக்கமாக அறைக்குள்ளேயே ஊதிவிடும். அதையும் நாங்கள் செய்திருந்தோம்.

அதைவிட ஒன்று. பேஸ்மென்டில் ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கிருக்கும் காற்றை இழுத்து எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது, குழந்தை தூங்கும் அறைக்கும் சேர்த்து. ஓடிப்போய் அதை நிறுத்தினேன். பேஸ்மென்ட் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தோம். பெருக்கவில்லை, துடைக்கவில்லை. அப்போதுதான் என் மனைவி மெதுவாகச் சொன்னாள்: "ஏன்னா, உங்க ரெண்டு பேர் துணியையும் குழந்தை துணியோட சேர்த்துன்னா மெஷின்ல போட்டேன்!" ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைப் பக்கமே போகாமல், புருஷன் துணியைத் துவைத்தே மெஸோதீலியோமா என்ற புற்றுநோய் கண்ட ஸ்திரீகளைப் பற்றி மருத்துவ நூல்களில் உண்டு. அதை அவளிடம் அன்று சொல்லவில்லை.

இரண்டு துண்டுகளைத் தண்ணீர் தெளித்து, பையில் போட்டு லாபுக்கு அனுப்பினோம். பார்த்து யாராலும் சொல்ல முடியாது, மைக்ராஸ்கோப்தான் சொல்லும். அங்கே சட்டக் கணக்கு 1 சதவிகிதத்துக்கு மேல். எங்களுடையதில் டைல், பசை இரண்டிலும் அதற்கு மேலேயே இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: ஆபத்து என்பது எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தது, இரண்டு சாயங்காலம் என்பது மிகச் சின்ன அளவு, இப்போது எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் தெரியாது, சிகரெட் பிடிக்கிறவர் யாராவது இருந்தால் உடனே விடட்டும், இரண்டும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும். என் பெண் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் வந்தார். "நீங்கள் மாடியிலேயே இருக்கலாம், நாங்கள் கீழே மூடிவிடுவோம்" என்றார். பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டது இவைதான்: கனமான பிளாஸ்டிக் ஷீட்டால் படிக்கட்டையும் காற்றுக்குழாய் வாய்களையும் மூடுவீர்களா? உள்ளேயிருந்து காற்றை வடிகட்டி வெளியே தள்ளும் மெஷின் ராத்திரியும் ஓடுமா? நனைத்து நனைத்துத்தான் எடுப்பீர்களா? எல்லாவற்றுக்கும் சரி என்றார். சுத்தமாகச் செய்தால் பெரியவர்கள் மாடியில் இருப்பதில் பெரிய தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் கிழிந்தால் மாடியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தவழும் குழந்தை தரையில்தானே கை வைத்து வாயில் போடுகிறது? மாப்பிள்ளையின் நண்பர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

திரும்பி வருவதற்கு முன் காற்றுச் சோதனை. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வேலை செய்தவரே சோதிக்கக் கூடாது. நாங்கள் தனியாக ஒருவரை அழைத்தோம். அவர் கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ஒரு உத்தரத்தின் மேல் தூசி. "இது இருக்கும்போது நான் காற்றை அளக்க மாட்டேன்" என்று போய்விட்டார். மறுபடி ஹெப்பா வடிகட்டி வைத்த வாக்குவத்தால் எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, மறுநாள் அளந்தார். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.01 நாருக்குக் கீழே. அதன் பிறகே உள்ளே போனோம். நான்கு நாள் என்று நினைத்தது ஆறு நாள் ஆயிற்று. ஹோமம் மாடி ஹாலிலேயே நடந்தது. புகை அலாரம் அடித்தது வேறு கதை.

இனி நம் ஊர். அமெரிக்காவில் 1989-ல் போட்ட தடையை 1991-ல் நீதிமன்றம் பெரும்பாலும் ரத்து செய்துவிட்டது; 2024-ல்தான் கிரைசோடைல் என்ற வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை வந்தது. நம்மிடம் சுரங்க அனுமதி 1986-லேயே நின்றது. ஆனால் ஷீட் செய்ய ரஷ்யா முதலிய இடங்களிலிருந்து இன்னும் இறக்குமதி ஆகிறது. 1995-ல் நம் சுப்ரீம் கோர்ட், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷமோ ஓய்வுக்குப் பின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. ஏன் அத்தனை காலம் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

2023 மே மாதம் எங்கள் பில்டிங்கில் மொட்டைமாடி ஷீட்டை மாற்ற சொஸைட்டி தீர்மானித்தது. சத்தம் கேட்டு மேலே போனால், நாலு பையன்கள் சம்மட்டியால் அடித்து உடைத்து, மூன்றாம் மாடியிலிருந்து கீழே வீசிக்கொண்டிருக்கிறார்கள். கீழே குழந்தைகள் சைக்கிள் விடுகிறார்கள். நாக்பூர் வெயிலில் எல்லா வீட்டு ஜன்னலிலும் கூலர் ஓடுகிறது. வெளிக்காற்றை உள்ளே இழுப்பதுதானே கூலரின் வேலை! எடிசன் வீட்டு ஃபர்னஸ்தான் ஞாபகம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கூலரை நிறுத்தி ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். "மாமாவுக்கு அமெரிக்கா போயிட்டு வந்ததிலேர்ந்து இப்படித்தான்" என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

தண்ணீர்த் தொட்டியை மூடினோம். ஷீட்டைக் குழாயால் நனைத்து, ஜே போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்கச் சொன்னேன். காண்ட்ராக்டர் முணுமுணுத்தார், ஒரு நாள் கூடுதல் கூலியை நாங்கள் ஆறு பேர் பங்கு போட்டுக்கொண்டோம். உடைந்த துண்டுகளை நனைத்து, கனமான பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் ஒட்டினோம். பையன்களுக்கு நல்ல ரக முகமூடி வாங்கிக் கொடுத்தேன். உஷ்ணம் தாங்காமல் பாதி நேரம் கழுத்தில்தான் தொங்கியது. அந்த மூட்டைகள் டெம்போவில் எங்கே போயின என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் வரவில்லை.

சாயங்காலம் அந்தப் பையன்களில் ஒருவன் தயங்கிக்கொண்டே வந்து, முழுசாக இறக்கிய இரண்டு ஷீட்டைத் தன் குடிசைக் கூரைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். மழைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரம்பத்தால் அறுக்காதே, புதுசாகத் துளை போடாதே, பழைய துளையிலேயே மாட்டு" என்று மட்டும் எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொல்லி அனுப்பினேன்.