அடைத்துக்கொள்ளும் வடிகட்டி

கழிவுநீர்த் தொட்டிக்குள் நூல் போன்ற பிளாஸ்டிக் குழாய்களை ஆயிரக்கணக்கில் தொங்கவிட்டு, உள்ளிருந்து உறிஞ்சினால் தெளிந்த தண்ணீர் வருகிறது. 1989-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கசுவோ யாமமோட்டோவும் குழுவினரும் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். குழாய்ச் சுவரின் துளைகள் ஒரு மைக்ரானைவிடச் சிறியவை. பாக்டீரியா நுழைய முடியாது.

வெளியே நின்ற பாக்டீரியா சும்மா இருக்குமா? பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து சுவரிலேயே குடியேறிவிடும். அதன்மேல் சேறு படியும். நிறையத் தண்ணீர் வேண்டுமென்று பலமாக உறிஞ்சினால் இன்னும் சீக்கிரம் அடைக்கும்! அதனால்தான் கொஞ்சநேரம் உறிஞ்சி, கொஞ்சநேரம் நிறுத்துகிறார்கள். அடியிலிருந்து காற்றுக் குமிழிகளை விட்டுக் குழாய்களை உலுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சாரத்தில் கணிசமான பங்கு இந்தக் காற்றுக்கே போகிறது. அப்படியும் போகாத பிசினுக்குக் குளோரின் கரைசல், உப்புப் படிவுக்கு சிட்ரிக் அமிலம்.

இத்தனைக்கும் மசியாதது தலைமுடியும் ஈரத் துடைப்பான் துணியும்தான். குழாய்களோடு சேர்ந்து சடை பின்னிக்கொள்ளும். பெரும்பாலும் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இப்படியொரு சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அந்த இரண்டையும் பொரித்த எண்ணெயையும் தயவுசெய்து சாக்கடையில் விடாதீர்கள்.