நெடுவழிக்கு ஒரு மழையுடை

1955-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து மலையொன்றின் உச்சியிலிருந்து ஒரு மூதாட்டி வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். வயது 67. பதினொரு மக்களைப் பெற்று வளர்த்தவர். எம்மா கேட்வுட் என்பது அவர் பெயர். தாமே தைத்த துணிப்பை ஒன்று தோளில் தொங்கியது. காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. கூடாரம் கிடையாது. சரி, மழை வந்தால்? அதற்கும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மேனாட்டார் குளியலறையில் தண்ணீர் வெளியே தெறிக்காமலிருக்கப் பிளாஸ்டிக் திரை ஒன்று தொங்கவிடுவார்கள் அல்லவா? அப்படிப்பட்ட திரை ஒன்றை மடித்துப் பையில் வைத்திருந்தார். அவ்வளவுதான். 146 நாள் நடந்து, ஏறத்தாழ 3,300 கிலோமீட்டரைக் கடந்து, செப்டம்பர் 25-ஆம் தேதி மெயின் மாநிலத்துக் கட்டாடின் சிகரத்தின்மேல் ஏறி நின்றார். அந்த ஆகஸ்டு மாதத்தில் கானி, டயான் என்னும் இரண்டு சூறாவளிகள் ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துக் கரையேறி, வடகிழக்கு மாநிலங்களை வெள்ளக்காடாக்கியிருந்தன. அப்படிப்பட்ட ஆண்டில்தான் அம்மையார் அந்தப் பாதையைத் தனியே நடந்து முடித்தார். ஒரே பயணத்தில் தனியாக அதை முடித்த முதல் பெண்மணி அவரே.

அப்பலாச்சியப் பாதை என்று அதற்குப் பெயர். 1937-இல் முழுமை பெற்றது. இன்று அதன் நீளம் சுமார் 3,500 கிலோமீட்டர். 14 மாநிலங்களின் ஊடே மலைமுகடுகளைப் பற்றிக்கொண்டு போகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடப்பவர்களுக்கு ஐந்து மாதம் முதல் ஏழு மாதம் பிடிக்கும். வீடு, படுக்கை, அடுக்களை மூன்றும் முதுகில்தான். ஏறக்குறைய 50 லட்சம் அடி எடுத்து வைக்க வேண்டிய வழியில், வீணாய்ச் சுமக்கும் ஒவ்வொரு கிராமும் 50 லட்சம் முறை தன்னை நினைவூட்டும். பல் துலக்கும் பிரஷின் காம்பைப் பாதியில் ஒடித்து எறிந்துவிட்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். இவ்வளவு கணக்குப் பார்ப்பவர்களும், மழையுடை என்ற பேச்சு வந்தால் மட்டும் ஒரு முடிவுக்கு வருவதில்லை. வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா வனப்பகுதி வழியாகச் சில நாட்கள் நான் நடந்திருக்கிறேன். இரவில் தங்குவதற்கு மூன்று பக்கம் மட்டும் சுவர் வைத்த மரக்கொட்டகைகள் அங்கே உண்டு. மழை பெய்த மாலைகளில் அக்கொட்டகைகளில் ஐந்து பேர் கூடினால் ஐந்து கொள்கைகள். ஒருவர் குடைக் கட்சி. ஒருவர் பாஞ்சோக் கட்சி. ஒருவர் விலையுயர்ந்த மேலங்கிக் கட்சி. ஐவரும் நனைந்துதான் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அது ஒன்றும் வியப்பில்லை. நனையாமல் இருப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு மழையுடை வாங்கப் போகிறவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். நாள் முழுவதும் மழையில் மலையேறும் மனிதனை நனையாமல் காக்கிற உடை உலகத்தில் எங்கும் இல்லை. வெளியே மழை நனைக்கும். அதைத் தடுத்துவிட்டால் உள்ளே வேர்வை நனைக்கும். சுமையோடு விரைந்து ஏறுகிறவன் உடம்பிலிருந்து மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், சில வேளை ஒரு லிட்டர்வரை, வேர்வை வடியும். அது எங்கே போகும்? ஆகையால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நனைந்த பின்பும் உடம்பின் சூடு குறையாமல் இருக்க எது வேண்டும்? இதைக் கேட்டுக்கொண்டால் பாதி வழி தெளிந்துவிடும்.

நம்மைப்போல் வெப்பநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த வேற்றுமை எளிதில் மனத்தில் படுவதில்லை. நமக்கு மழை என்றால் குளிர்ச்சி. குளிர்ச்சி என்றால் இன்பம். ஆனால் தண்ணீர், காற்றைப்போல ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும் பொருள். அதுவும் போதாதென்று, தோலின்மேல் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு 580 கலோரி வெப்பம் செலவாகிறது. காற்றும் அடித்தால் அந்தச் செலவு இன்னும் விரைந்து நடக்கும். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம் தொடங்கிவிட்டது என்று பொருள். முதலில் நடுக்கம். பிறகு கால் தடுமாறும்; பேச்சுக் குழறும்; பித்தானைப் போடக்கூட விரல் இசையாது. அதற்கும் அப்பால் நடுக்கம் நின்றுவிடும். உடன் வருகிறவர்கள் ‘தேறிவிட்டார்’ என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அதுதான் மிகவும் அஞ்ச வேண்டிய நேரம். இதற்கு உறைபனி வேண்டும் என்பதில்லை. பத்து டிகிரிக்குள் இருக்கும் மழையும் காற்றும் போதும். பனிக்கு ஆயத்தமாகப் போகிறவர்கள் மழைக்கு ஆயத்தமாவதில்லை. தீங்கு அங்கேதான் நேர்கிறது.

கிளாஸ்கோ நகரத்து ரசாயன வல்லுநர் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பவர் 1823-இல் ரப்பரை நாப்தா எண்ணெயில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். மழைக்கோட்டுக்கு அவர் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. தண்ணீர் உள்ளே வராது. ஆனால் ஆவியும் வெளியே போகாது. குளிரில் விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்குப் பரவாயில்லை. நடக்கிறவருக்கு அது ஒரு புழுக்கப் பெட்டி.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வழி 1969-இல் பிறந்தது. ராபர்ட் கோர் என்னும் அமெரிக்கர், சூடேற்றிய டெஃப்லான் கம்பியை மெல்ல மெல்ல இழுத்துப் பார்த்தார்; அறுந்து அறுந்து போயிற்று. சலித்துப்போய் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தார். அறுவதற்குப் பதிலாக அது பன்மடங்கு நீண்டது. உள்ளே எண்ணற்ற நுண்துளைகள்! மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. நீராவி தாராளமாய்ப் போகிற அளவு பெரியவை. அந்தப் படலத்தைத் துணிகளுக்கிடையே வைத்துத் தைத்த கோர்-டெக்ஸ் உடைகள் 1976-இல் கடைக்கு வந்தன. மலையேறுகிறவர்கள் மாக்கின்டாஷின் காலம் முடிந்தது என்று மகிழ்ந்தார்கள்.

மகிழ்ச்சி நியாயமானதே, ஆனால் விளம்பரச் சீட்டைப் படிக்கும்போது சற்று நிதானம் வேண்டும். சதுர மீட்டர் ஒன்றுக்கு ஒரு நாளில் 15,000 கிராம் ஆவியை வெளியேற்றும் என்று எழுதியிருப்பார்கள். மேலங்கியின் பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 900 கிராமுக்கு மேல் ஆகிறது. வேர்வை முழுவதுமே போய்விட வேண்டுமே! போவதில்லை. அந்த அளவைச் சோதனைச் சாலையில், ஆவி ஓடுவதற்கு வசதியான சூழ்நிலையில் எடுக்கிறார்கள். மழைக்காலத்து மலையிலோ வெளிக்காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. ஆவி எப்போதும் ஈரம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத்தான் நகரும். இதிலிருந்து ஒரு சுவையான உண்மை வெளிப்படுகிறது. வெளியே 5 டிகிரிக் குளிர் மழை என்றால், தோலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடு, 25 டிகிரி வெதுவெதுப்பான மழையில் இருப்பதைப்போல் இருமடங்குக்கும் அதிகம். ‘மூச்சு விடும்’ உடை என்று அதிக விலை கொடுத்து வாங்குகிறோமே, அது குளிர்நாட்டில்தான் நன்றாக மூச்சு விடும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆடி மழைக்கு, அடிவாரக் காடுகளில் நடப்பவர் அந்தப் பணத்தைச் செலவிட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

மற்றொன்றும் உண்டு. இத்தகைய உடைகளின் வெளித்துணிமேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும். புத்தாடையில் தண்ணீர், தாமரை இலைமேல் உருள்வதுபோல் முத்து முத்தாய் உருண்டு ஓடும். சில வாரம் பை வார் உரசி, அழுக்கும் உடம்பின் எண்ணெயும் ஏறிவிட்டால் வெளித்துணி நீரைக் குடித்துக் கனத்துப்போகும். படலம் கிழியவில்லை, ஆனாலும் அதன் வாயை ஈரத்துணி மூடிவிட்டது. உள்ளே வேர்வை தேங்கும். ‘ஒழுகுகிறது’ என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள்! நன்றாகத் துவைத்து மிதமான சூட்டில் காயவைத்தால் பூச்சு ஓரளவு உயிர் பெறும். அந்தப் பூச்சில் சேர்த்துவந்த புளோரின் ரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குகின்றன என்று கண்டு, கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 ஜனவரி முதல் துணிமணிகளில் அவற்றுக்குத் தடை விதித்தன. கடுமழைக்கென்றே தைக்கும் உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம் தந்தன. புதுப் பூச்சுகள் தண்ணீரை ஒதுக்கும். எண்ணெயையும் அழுக்கையும் அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஆகவே அடிக்கடி துவைப்பது முன்னிலும் முக்கியமாகிவிட்டது.

சரி, எதைத்தான் எடுத்துச் செல்வது?

பாஞ்சோ என்பது நடுவில் தலை நுழையத் துளையும் முக்காடும் வைத்த ஒரு சதுரத் துணி. நம் ஊரில் கோணிச் சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளிக் கொங்காணி போட்டுக்கொண்டு வயலுக்குப் போவார்கள். அதன் தம்பி என்று சொல்லலாம். சிலிக்கோன் பூசிய நைலானில் செய்தது 200 முதல் 300 கிராம்தான் இருக்கும். முதுகுப்பையையும் சேர்த்து மூடும். பக்கங்களில் காற்று தாராளமாய் வரும். இரவில் கயிறு கட்டினால் கூரையாகவும் ஆகும். கேட்வுட் அம்மையாரின் திரையில் இருந்த அறிவும் இதுதான்: ஒரு பொருள், பல பயன். ஆனால் பலத்த காற்றில் பாஞ்சோ ஒரு பாய்மரம். குறுகிய பாறை வழியில் அது முகத்தை வந்து மூடிக்கொண்டால் காலடி தெரியாது.

குடையைச் சிரித்துத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். பசிபிக் கரையோர மலைவழியை மனைவியோடு மூன்று முறை நடந்து முடித்த ரே ஜார்டின் என்பவர் குடைக்காக ஓயாமல் வாதாடி எழுதினார். 200 கிராம் சுமாருக்குக் குடைகள் கிடைக்கின்றன. குடைக்கடியில் புழுக்கமே இல்லை, முகம் நனையாது, நின்று வரைபடம் பார்க்கலாம், வெயிலுக்கும் ஆகும். மரங்கள் நெருங்கித் தாழ்ந்த இடத்திலும், மரமே இல்லாத முகட்டிலும் அது உதவாது.

காலுக்கு மழைக் கால்சட்டை போடுவதைவிட, இடுப்பில் சுற்றும் மெல்லிய நைலான் மழைப்பாவாடை மேல். எடை 100 கிராமுக்குள். மேனாட்டு ஆடவர் அதை அணியச் சற்று வெட்கப்பட்டார்கள். வேட்டி கட்டிப் பழகிய நமக்கு என்ன வெட்கம்?

நெய்யாத செயற்கை நாரில் காகிதம்போல் அழுத்திச் செய்த மலிவான உடைகளும் உண்டு. சட்டையும் கால்சட்டையுமாகச் சேர்ந்தே 300 கிராம் அளவில் அடங்கும்; ஆவியும் நன்றாகப் போகும். முள் பட்டால் கிழியும். ஒட்டு நாடாவால் ஒட்டிக்கொண்டே ஆயிரம் கிலோமீட்டர் போகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் பணம் குறைவாக உள்ள இளைஞருக்கு இதையே நான் சொல்லுவேன்.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் இடத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அப்பலாச்சியப் பாதை நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வெள்ளை மலைகளை அடைகிறது. அங்கே சுமார் 1,350 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்குமேல் இருபது கிலோமீட்டர்போல வெறும் பாறை முகடுகள்தான். நடுவே 1,917 மீட்டர் உயர்ந்த வாஷிங்டன் மலை. நமது தொட்டபெட்டாவைவிடத் தாழ்ந்ததுதான். ஆனால் 1934 ஏப்ரல் 12 அன்று அதன் உச்சியில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றை அளந்தார்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் அங்கே பனி விழுந்ததுண்டு. 1849 முதல் அந்த மலைத்தொடரில் 150-க்கு மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே குடையும் பாஞ்சோவும் விளையாட்டுப் பொருள்கள். இழுத்துக் கட்டக்கூடிய முக்காடும், மணிக்கட்டை இறுக்கும் பட்டையும், அக்குளில் திறந்து மூடும் ஜிப்பும் உள்ள மேலங்கி வேண்டும்; அதனடியில் நனைந்தாலும் சூடு காக்கும் கம்பளிச் சட்டை வேண்டும். பருத்தி கூடவே கூடாது. இதனால் விவரமறிந்த நடையாளர்கள் வெயில் காலத்தில் கனத்த உடைகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளை மலைகளுக்கு முன்னுள்ள ஊரில் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். பாதை முழுவதற்கும் ஒரே உடை என்று பிடிவாதம் பிடிப்பதைவிட இது மேலானது. 150 கிராம் மிச்சப்படுத்த எண்ணி அந்த முகட்டுக்கு மெல்லிய உடையோடு போவதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, எல்லாவற்றிலும் மலிவான மழையுடை ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு அல்ல, உங்கள் மூட்டைக்கு. கெட்டியான பாலிதீன் பை ஒன்றை முதுகுப்பைக்குள் விரித்து, படுக்கைப் பை, இரவில் உடுத்தும் கம்பளிச் சட்டை, ஒரு ஜோடிக் காலுறை மூன்றையும் அதற்குள் இட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். பறவையிறகு அடைத்த படுக்கைப் பை நனைந்தால் சுருண்டு ஒன்றுக்கும் உதவாது போகும். பகலில் நீங்கள் எவ்வளவு நனைந்தாலும், இரவில் இந்த மூன்றும் உலர்ந்திருந்தால் உடம்பு சூட்டை மீட்டுக்கொள்ளும். மறுநாள் காலையில் அந்த உலர்ந்த உடுப்போடு நடக்க ஆசையாகத்தான் இருக்கும். அவற்றைக் கழற்றிப் பையில் திரும்பக் கட்டி வைத்துவிட்டு, நேற்றைய ஈரச் சட்டையையே மாட்டிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நிமிடம் பல் கிட்டும். ஏற்றம் தொடங்கியதும் அது மறந்துபோகும்.